ஹேண்டில்பாரில் போன்: எதை மாட்டலாம், எங்கே மாட்டலாம்

உங்களிடம் 2017-இல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 இருக்கிறது. அடுத்த மாதம் திருச்சியிலிருந்து பொள்ளாச்சி வழியாக வால்பாறை போகிறீர்கள். போன வருடம் வாங்கிய விலை உயர்ந்த போனை ஹேண்டில்பாரில் மாட்டினால் கேமரா போய்விடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஹோல்டர் விற்கிற கடைக்காரர் ஒன்றும் ஆகாது என்கிறார். எந்த ஹோல்டர் நல்லது, சார்ஜ் எங்கிருந்து எடுப்பது, வழியில் பாட்டுக் கேட்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஹோல்டரின் பெயரைக் கேட்பது போலத் தெரிந்தாலும், அந்த போனை நம்பி அந்த இடத்தில் வைக்கலாமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. என் பதில்: வைக்க வேண்டாம். ஹேண்டில்பாரில் ஒரு போன் இருக்கட்டும், ஆனால் அது உங்கள் நல்ல போனாக இருக்க வேண்டாம்.

கோயம்புத்தூரில் பதினைந்து வருடமாக டூவீலர் வொர்க்ஷாப் வேலை பார்க்கிறேன், பெரும்பாலும் வயரிங். ஹோல்டர், யூஎஸ்பி சார்ஜர், ஃபாக் லைட் மாட்டுவது அன்றாட வேலை. போனைத் திறந்து பழுது பார்ப்பது என் தொழில் இல்லை. அதனால் போனின் உள்ளே நடப்பதைப் பற்றி நான் சொல்வது படித்தும், போன் சர்வீஸ் செய்பவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டது. வண்டிப் பக்கம் சொல்வது என் கைப்பழக்கம்.

முதலில் உறுதியாகத் தெரிந்தது. இஞ்சின் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்க முடியும். இது வதந்தி இல்லை. 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில், அதிக சக்தி கொண்ட மோட்டார் சைக்கிள் இஞ்சின்களின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக ஐபோனுக்கு ஏறினால் கேமராவின் திறன் குறையலாம், அப்படி மாட்டுவதைத் தவிருங்கள் என்று எழுதியது. சிறிய இஞ்சின் வண்டிகளிலும் எலக்ட்ரிக் ஸ்கூட்டரிலும் மாட்டுவதானால் அதிர்வைக் குறைக்கும் ஹோல்டரில் மாட்டுங்கள், நீண்ட நேரம் தொடர்ந்து பயன்படுத்தாதீர்கள் என்றும் சொன்னது. பொருளை விற்கிற நிறுவனமே இப்படி எழுத்தில் கொடுக்கிறது என்றால் அதை அலட்சியம் செய்யக்கூடாது. ஐபோனுக்கு மட்டும் உள்ள கோளாறு என்றும் நினைக்க வேண்டாம். அதே அமைப்பு உள்ள எந்த போனுக்கும் இது பொருந்தும்.

அந்த அமைப்புக்குப் பெயர் ஆப்டிகல் இமேஜ் ஸ்டெபிலைசேஷன். படம் எடுக்கும்போது நம் கை நடுங்கும் அல்லவா? அந்த நடுக்கம் நொடிக்குப் பத்து முறை என்ற அளவில் இருக்கும். போனுக்குள் உள்ள ஜைரோ என்ற அசைவு உணர்கிற சில்லு அதை உணர்ந்து, எதிர்ப்பக்கமாக லென்ஸை மயிரிழை அளவு நகர்த்துகிறது. லென்ஸ் அப்படி நகர வேண்டுமானால் இறுக்கி வைத்திருக்க முடியாது. மெல்லிய ஸ்ப்ரிங்கும் கம்பியும் தாங்க, காந்தத்துக்கு நடுவே அது மிதந்துகொண்டிருக்கிறது. கைநடுக்கத்துக்காகச் செய்த பொருளை இஞ்சின் நடுக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறோம். இஞ்சின் 3,600 ஆர்பிஎம்மில் ஓடினால் நொடிக்கு 60 சுற்று. ஒரு மணி நேரம் அப்படியே ஓட்டினால் 2,16,000 முறை அந்த ஸ்ப்ரிங் குலுங்குகிறது. திருச்சியிலிருந்து வால்பாறைக்கு எத்தனை மணி நேரம் என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒற்றை சிலிண்டர் இஞ்சினில் ஒரு பெரிய பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. அதன் எடையைச் சமன்செய்ய, பிஸ்டன் சுற்றவைக்கிற தண்டான கிராங்கில் எதிர் எடை வைத்திருப்பார்கள், ஆனால் அது முழுவதையும் சமன்செய்யாது. மீதியை விழுங்குவதற்கு பேலன்சர் ஷாஃப்ட் என்று எதிர்த்திசையில் சுற்றுகிற ஒரு தண்டு வேண்டும். 2017 கிளாசிக்கில் இருக்கும் பழைய இஞ்சினில் அது கிடையாது. 2020-இல் அதே கம்பெனியின் மீட்டியோரிலும் 2021-இல் புதிய கிளாசிக்கிலும் வந்த இஞ்சினில் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து ஸ்டார்ட் செய்து கிரிப்பில் கை வைத்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். புதிய கிளாசிக் வைத்திருக்கும் நண்பர் தன் போனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னால், அவர் சொல்வது அவர் வண்டிக்கு உண்மை. உங்கள் வண்டிக்கு அதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

கெட்டுப்போனால் எப்படி இருக்கும் என்பதை ஒருமுறை கிட்டத்தில் பார்த்தேன். பழைய 500 சிசி வண்டியில் லடாக் போய் வந்த வாடிக்கையாளர் ஒருவர், ஹோல்டரைக் கழற்றச் சொல்லி வந்தார். ஏன் என்று கேட்டதற்கு போனை எடுத்து கேமராவைத் திறந்து என் மேஜை மேல் இருந்த பில் புத்தகத்தின் மேல் நீட்டினார். போன் அசையாமல்தான் இருந்தது. ஆனால் திரையில் எழுத்துகள் கொதிக்கிற தண்ணீர் வழியாகப் பார்ப்பது போல நடுங்கின. போனின் பின்பக்கத்தைக் காதருகே வைத்தால் சின்ன வண்டு ரீங்காரம் போல ஒரு சத்தம். வைடு லென்ஸுக்கு மாற்றினால் படம் நின்றது, மெயின் லென்ஸுக்கு வந்தால் மறுபடி நடுக்கம். கேமரா பகுதியையே மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் சென்டரில் சொல்லிவிட்டார்களாம். அந்தப் பயணத்தின் கடைசி நான்கு நாள் படங்கள் எல்லாமே மங்கல் என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. கேமராவை மாற்றிவிடலாம், அந்தப் படங்களைத் திரும்ப எடுக்க முடியாது.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதது. எத்தனை கிலோமீட்டரில் கெடும், எந்த மாடல் தாங்கும் என்று கணக்குச் சொல்ல யாராலும் முடியாது. உங்களுடையதைப் போன்ற வண்டியிலேயே மூன்று வருடமாக ஒரே போனை மாட்டி ஓட்டுகிறவரும் என்னிடம் வருகிறார், ஒரே பயணத்தில் கெடுத்துக்கொண்டவரும் வந்திருக்கிறார். ஆகவே கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று சொல்ல மாட்டேன். அவர் கண்ட வரைக்கும் ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஆகாது என்று உத்தரவாதம் கொடுக்க அவராலும் முடியாது.

அதனால்தான் வீட்டில் டிராயரில் கிடக்கிற பழைய போனை எடுக்கச் சொல்கிறேன். திரை நன்றாக இருந்து, ஜிபிஎஸ் வேலை செய்தால் போதும். விலை குறைந்த போன்கள் பலவற்றில் இந்த மிதக்கும் லென்ஸ் அமைப்பே இருக்காது, மென்பொருளால்தான் நடுக்கத்தைச் சரிசெய்யும். சிம் கூடத் தேவையில்லை. புறப்படுவதற்கு முதல் நாள் வீட்டு வைஃபையில் பொள்ளாச்சி, ஆழியாறு, வால்பாறை பகுதி முழுவதையும் ஆஃப்லைன் மேப்பாக இறக்கிவிடுங்கள். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது பல இடங்களில் சிக்னல் போய்விடும், அப்போது எப்படியும் இது தேவைப்படும். நெட் வேண்டும் என்றால் பாக்கெட்டில் இருக்கும் நல்ல போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்துக்கொள்ளலாம். நல்ல போன் ஜாக்கெட் பாக்கெட்டில் உங்கள் உடம்போடு இருக்கட்டும். உடம்பை விட நல்ல அதிர்வுத் தடுப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது. வண்டிக் கம்பெனிகளும் இப்போது இந்த வழியில்தான் போகின்றன. மீட்டியோரில் வந்த டிரிப்பர், டிவிஎஸ் என்டார்க் ஸ்கூட்டரில் 2018-இலேயே வந்த வழிகாட்டி எல்லாம் போனைப் பாக்கெட்டில் விட்டுவிட்டு, திரும்ப வேண்டிய திசையை மட்டும் மீட்டரில் காட்டுபவை.

சரி, ஹோல்டருக்கு வருவோம். பிராண்டை விட எந்த இடத்தில் மாட்டுகிறோம் என்பது முக்கியம். ஹேண்டில்பார் நடுவில் கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கும், இரண்டு முனையும் சும்மா நீட்டிக்கொண்டிருக்கும். முனைக்குப் போகப்போக ஆட்டம் கூடும், அங்கே பார்-எண்டு எடை போடுவதே அதற்காகத்தான். எனவே நடுக் கிளாம்புக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் மாட்டுங்கள். கை நீளமான ஹோல்டரைத் தவிருங்கள், நீளம் கூடினால் ஆட்டம் கூடும். கண்ணாடித் தண்டில் மாட்டுகிற ஹோல்டர் உங்கள் வண்டிக்கு வேண்டவே வேண்டாம். 80-இல் போகும்போது கண்ணாடியில் பின்னால் வருகிற லாரி இரண்டாகத் தெரியும் இல்லையா, அந்த ஆட்டம்தான் போனுக்கும் போகும். ஸ்கூட்டரில் ஹேண்டில் முழுவதும் பிளாஸ்டிக் மூடியிருப்பதால் கண்ணாடித் தண்டை விட்டால் வழியில்லை. ஆனால் அதில் இஞ்சின் பின்சக்கரத்தோடு சேர்ந்து ரப்பர் புஷ் வழியாகத்தான் ஃப்ரேமில் தொங்குகிறது, அதனால் மேலே வரும் அதிர்வு குறைவு. (யமஹா வண்டி வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்தால் ஒரு விஷயம்: வலது கண்ணாடி எதிர்த்திருகு. வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பிக் கழற்றப் பார்த்து மரையைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம்.)

பெரும்பாலான வண்டிகளில் ஹேண்டில்பார் 22 மில்லிமீட்டர் பைப். ஹோல்டரோடு வருகிற ரப்பர் ஷீட்டைப் போட்டுத்தான் கிளாம்பை இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் சுற்ற ஆரம்பிக்கும். நாலு மூலையையும் உலோக நகத்தால் பிடிக்கிற ஹோல்டர் நன்றாகப் பிடிக்கும், ஆனால் போனின் பக்கத்துப் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். காந்தத்தால் ஒட்டுகிற வகை காருக்குச் சரி, வண்டிக்கு வேண்டாம். எந்த ஹோல்டராக இருந்தாலும் போன் கவரிலிருந்து ஹேண்டில்பாருக்கு ஒரு சின்னக் கயிறு கட்டிவிடுங்கள். ஸ்பீடு பிரேக்கரில் போன் எகிறினாலும் தொங்கிக்கொண்டு நிற்கும்.

அதிர்வு குறைப்பான் என்று தனியாக விற்கிற ரப்பர் அல்லது சிலிக்கான் துண்டு வேலை செய்யுமா என்றால், செய்யும். ஆனால் எப்படி என்று புரிந்துகொள்ள வேண்டும். ரப்பர் எல்லா நடுக்கத்தையும் குறைக்காது. தானாக ஆடுகிற வேகம் ஒன்று அதற்கு உண்டு. அதை விட வெகு வேகமான நடுக்கத்தை அது விழுங்கிவிடும், அதன் வேகத்துக்கு அருகில் வருகிற நடுக்கத்தில் தானும் சேர்ந்து ஆடும். அதனால் சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது போன் தலையாட்டும், சாலையில் வேகம் எடுத்ததும் அடங்கிவிடும். இது ரப்பர் ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளம். பலர் ஐடிலில் ஆடுவதைப் பார்த்து ‘லூசாக இருக்கிறது’ என்று அந்த ரப்பரைக் கழற்றிவிட்டு நேராக இறுக்கிவிடுகிறார்கள். அப்போது ஐடிலில் ஆட்டம் போய்விடும், ஆனால் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வருகிற நுண்ணிய நடுக்கம் முழுவதும் போனுக்குள் ஏறும். கேமராவைக் கெடுப்பது அதுதான். வெயிலில் ரப்பர் ஒரு வருடத்தில் வெடிக்க ஆரம்பிக்கும், அப்போது மாற்றிவிடுங்கள். குறைப்பான் போட்டால் உங்கள் நல்ல போனை மாட்டலாமா என்று மறுபடி கேட்பீர்கள். ஊருக்குள் பத்து நிமிடம் என்றால் நானே மாட்டுவேன். ஆறேழு மணி நேரம் ஹைவேயில் என்றால் மாட்ட மாட்டேன்.

மாட்டிய பிறகு வண்டியை நிறுத்தி ஹேண்டிலை இடது கோடி, வலது கோடி இரண்டுக்கும் திருப்பிப் பாருங்கள். போன் டேங்கில் இடிக்கிறதா, கேபிள் இழுபடுகிறதா, க்ளட்ச் வயர் மடங்குகிறதா, ஹாரன் பட்டனுக்கு விரல் தடையில்லாமல் போகிறதா, ஸ்பீடோமீட்டரும் எச்சரிக்கை விளக்குகளும் மறையாமல் தெரிகின்றனவா என்று பார்த்தபின்தான் ரோட்டில் இறங்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் பாதி திரும்பியபின் போன் டேங்கில் முட்டி ஹேண்டில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சார்ஜர் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வண்டியில் யூஎஸ்பி சாக்கெட்டுக்கு பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்தேன், ஃபியூஸ் போடவில்லை. டேங்குக்கு அடியில் போய், கோன்செட் (ஹேண்டில் திரும்புகிற கழுத்துப் பகுதி) பக்கம் ஃப்ரேமை ஒட்டித் திரும்புகிற இடத்தில் ஹேண்டில் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வயர் உரசியிருக்கிறது. இரண்டு மாதத்தில் மேல்தோல் தேய்ந்து செம்பு ஃப்ரேமைத் தொட்டுவிட்டது. வண்டி நின்ற இடத்திலேயே புகை. வண்டிக்காரர் சட்டென்று பேட்டரி டெர்மினலைப் பிடுங்கியதால் தீ பிடிக்கவில்லை. டேங்கைத் தூக்கிப் பார்த்தபோது பக்கத்து வயர்களெல்லாம் ஒன்றாக உருகி ஒட்டியிருந்தன. அன்றிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் ஒரு வயர்கூட நான் இழுத்ததில்லை.

சரியான முறை இதுதான். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் ஹோல்டர். போன் சார்ஜருக்கு 3 ஆம்பியர் அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். 18 வாட் சார்ஜர் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இழுப்பது 2 ஆம்பியருக்குள்தான். அப்புறம் ஒரு ரிலே, அதாவது கரண்டால் இயங்குகிற ஸ்விட்ச், அதைச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற வயரிலிருந்து இயக்க வேண்டும். சாவியை எடுத்ததும் சார்ஜர் செத்துவிட வேண்டும். சாக்கெட்டில் எரிகிற சின்ன நீல விளக்கும், வோல்ட் காட்டுகிற மீட்டரும் இரவு பகலாக பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உங்கள் வண்டியில் கிக்கர் இருக்கிறது, புதிய கிளாசிக்கில் அதுவும் இல்லை. அதில் பேட்டரி இறங்கினால் மலை மேல் தள்ளித்தான் ஆக வேண்டும். வயர் முழுவதற்கும் ஸ்லீவ் போடுங்கள், கோன்செட் அருகே ஹேண்டில் திரும்ப இடம் விட்டு தளர்வாக விடுங்கள், இஞ்சின் ஹெட்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள். ஹெட்லைட் வயரைச் சுரண்டி அதில் முறுக்கிவிட்டு டேப் சுற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேறு கடைக்குப் போங்கள்.

வெயிலும் மழையும் கொஞ்சம். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்கிற இயங்கு வெப்பநிலை 35 டிகிரி வரை. கரூர் பக்கம் ஏப்ரல், மே மதியத்தில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். நேர் வெயில், முழு வெளிச்சத்தில் திரை, ஜிபிஎஸ், சார்ஜ் எல்லாம் சேர்ந்தால் போன் சூடாகி சார்ஜ் ஏறுவது நிற்கும், திரை மங்கும், பிறகு அணைந்தே போகும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் வைத்தால் இன்னும் சீக்கிரம் சூடாகும். மழையில், வாட்டர்ப்ரூஃப் போனாக இருந்தாலும் ஈரமான சார்ஜ் துளையில் கேபிளைச் செருகாதீர்கள். அரிப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

பாட்டுக் கேட்பது பற்றி. ஹெல்மெட்டுக்குள் மாட்டுகிற புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் பாட்டுக்காக இல்லை. ‘இன்னும் 300 மீட்டரில் இடது பக்கம் திரும்புங்கள்’ என்று காதில் கேட்டால் கண் சாலையிலேயே இருக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி திரையைப் பார்த்தால் வண்டி 33 மீட்டர் போய்விடுகிறது. காதுக்குள் செருகுகிற இயர்போன் வேண்டாம். காற்று இரைச்சலை மீறிக் கேட்பதற்காகச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவோம், காதும் கெடும், பின்னால் வருகிற பஸ் ஹாரனும் கேட்காது. ஸ்பீக்கர் வைக்க ஹெல்மெட்டுக்குள் உள்ள தெர்மாக்கோலைக் கத்தியால் வெட்டிக் குழி எடுக்கிறார்கள், அதைச் செய்யவே செய்யாதீர்கள். விழும்போது அடியை வாங்கி நசுங்குவது அந்தத் தெர்மாக்கோல்தான். ஸ்பீக்கருக்கென்றே குழி விட்டு வருகிற ஹெல்மெட்டுகள் கிடைக்கின்றன. மலை ஏறும்போது பாட்டை நிறுத்திவிடுங்கள். வளைவுக்கு அந்தப்பக்கம் பஸ் அடிக்கிற ஹாரன்தான் உங்களுக்கு வேண்டிய சத்தம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவில் 2019 திருத்தத்தில் ஆபத்தான ஓட்டுதலாகச் சேர்க்கப்பட்டது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், ஓட்டுநரின் கவனம் சிதறாத முறையில் வழி பார்ப்பதற்கு மட்டும் அனுமதிக்கிறது. ஆக, ஹோல்டரில் மேப் ஓடுவது சரி. அதே திரையில் மெசேஜ் பார்ப்பதும் பாட்டு மாற்றுவதும் அந்த அனுமதிக்குள் வராது. பழைய போனில் சிம் இல்லாமல் வெறும் மேப் மட்டும் இருந்தால் அந்த ஆசையும் வராது.

புறப்படும் முன் பழைய போனை மாட்டி ஊருக்குள் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஹோல்டரின் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அலன் கீயால் ஒருமுறை பாருங்கள். அதிர்வில் முதலில் தளர்வது அவைதான், கிளம்புகிற நாளில் அந்த அலன் கீயை டூல்கிட்டிலேயே போட்டுக்கொள்ளுங்கள். வயரிங் செய்யக் கொடுப்பதாக இருந்தால் ஃபியூஸ் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சீட்டைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.